ஜிம்மியை அவிழ்த்துவிட்டது யார்?

சொன்ன பேச்சைக் கேட்காத பெண் என்று எனக்குச் சின்ன வயதிலேயே பெயர். அந்தப் பெயரை நான் வாங்கியது ஒரு நாயால். இன்றைக்குக் கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

எங்கள் வீடு பரவையில். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மதுரையில் ஒரு பஞ்சாலைத் துரையிடம் கார் ஓட்டினார். துரை ஆறு மாத லீவில் சீமைக்குக் கிளம்பியபோது பங்களாவைப் பூட்டி, சமையல்காரரை ஊருக்கு அனுப்பிவிட்டு, பங்களாக் காவலையும் தன் நாயையும் அய்யாவிடம் ஒப்படைத்தார். டெரியர் ஜாதி. ஜிம்மி என்று பெயர். முழங்கால் உயரம்கூட இராது. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. வந்த அன்றைக்கே எங்கள் அடுப்படியில் ஒரு முழப் பள்ளம் தோண்டிவிட்டது.

அய்யாவுக்கு ஒரே கவலை. நாய்க்கு ஒன்று ஆகிவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் மறுபடி அடுத்தவர் வயலில் கூலிக்கு நிற்கவேண்டும். அதனால் ஜிம்மியைச் சங்கிலியில் கட்டினார். துரை வீட்டு நாய் துரை சாப்பிடுவதைத்தான் சாப்பிடும் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, மூன்று வேளையும் ரொட்டியும் சீனி போட்ட பாலும் வைக்க ஏற்பாடு செய்தார். வெள்ளை நாய் வெள்ளையாகவே இருக்கவேண்டும் என்று தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். நாங்கள் கம்பங்கஞ்சியைக் குடித்துக்கொண்டு பார்த்திருப்போம். சோப்பு எங்களுக்கெல்லாம் தீபாவளிக்குத்தான்.

இத்தனை உபசாரத்துக்கும் பலன், இரண்டே மாதத்தில் ஜிம்மி சாகக் கிடந்தது. வயிறு ஊதிவிட்டது. தோல் வறண்டு, சொறிந்து சொறிந்து முதுகெல்லாம் புண். கடைசியில் பாலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அய்யா அதில் இன்னும் கொஞ்சம் சீனி போட்டார்.

எனக்கு ஒன்பது வயது. நாய் வைத்தியம் எதுவும் தெரியாது. ஆனால் எங்கள் தெரு நாய்களுக்குச் சோப்பும் கிடையாது, புண்ணும் கிடையாது என்பது தெரியும். அய்யா பங்களாக் காவலுக்குப் போனதும் சங்கிலியை அவிழ்த்தேன். அம்மா வாசலை மறித்தாள். அவள் கைக்கு அடியில் நுழைந்து நாயோடு ஓடினேன்.

வயல் வரப்பில் எலி வளையைக் கண்டதும் அந்தச் சீக்கு நாய்க்கு எங்கிருந்துதான் உயிர் வந்ததோ தெரியாது. மண்ணை வாரி இறைத்து, தலையை உள்ளே விட்டு, எலியோடு வெளியே வந்தது. ஒரே உதறல், எலி தீர்ந்தது. மத்தியானத்துக்குள் நாலு எலி. அதற்கு வேண்டியது மருந்தில்லை, வேலை என்று அன்றைக்குத்தான் கண்டேன். அன்றிலிருந்து மத்தியானப் பாலை நான் குடித்தேன். என் கஞ்சியில் வாய்க்கால் மீனை வேகவைத்து, முள்ளெடுத்துப் பிசைந்து ஜிம்மிக்குப் போட்டேன். புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவினேன். சோப்பைக் கிணற்றில் எறிந்தேன். அம்மா திட்டித் தீர்த்தாள், ஆனால் அய்யாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பெருச்சாளி ஜிம்மியின் காதைக் கிழித்துவிட்டது. இனி மறைக்க வழியில்லை. அய்யா புளிய விளாரை எடுத்தார்.

“தொரை வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நான் சொல்லிக்கிறேன். எம்புட்டு வேணும்னாலும் அடிங்க. நாளைக்கும் அவுத்துத்தான் விடுவேன்.”

அடித்தார். மறுநாளும் அவிழ்த்துவிட்டேன். அதற்கு மறுநாளும். ஜிம்மியின் முதுகில் புது முடி முளைத்ததும் அய்யா விளாரை எடுப்பதை நிறுத்தினார். நீ செய்தது சரி என்று மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை.

துரை திரும்பி வந்ததும் அய்யா ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சொல்லவேண்டிய பதிலை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அடம்பிடித்துக் கூடவே போனேன். பங்களா வாசலில் துரை நாயைத் தூக்கினார். கிழிந்த காதைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. யார் இதை அவிழ்த்துவிட்டது என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அய்யா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

“நாந்தான் தொரை. எலி பிடிக்கட்டும்னு நாந்தான் அவுத்துவிட்டேன்.”

துரை நாயின் விலாவை அழுத்திப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். முதுகை விரலால் கோதினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இந்த ஜாதி நாயை இப்படித்தான் வளர்க்கவேண்டும், பங்களாவில்கூட இது இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்று அய்யாவின் தோளைத் தட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி வாங்கியது நான், பெயர் வாங்கியது அவர். வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்து, அய்யா பொய் சொல்லிவிட்டார் என்று அம்மாவிடம் கத்தினேன்.  ஒரு மாதம் அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணமாகிப் போன பிறகும் ஊருக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

துரை முகம் சிவந்து நின்றபோதுதான் அய்யா “நாந்தான்” என்றார். துரை சிரித்தது அதற்கு அப்புறம். பக்கத்திலேயே நின்று இரண்டையும் பார்த்தவள் நான். எது முதலில் நடந்தது என்பதுதான் வெகுகாலம் எனக்கு உறைக்கவில்லை.