முழுதும் கேட்காத எச்சரிக்கை

என் அண்ணன் சவரிநாதன் கணினியைக் கேட்கும் வேகத்தில் உங்களால் கேட்க முடியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை அவர் அவ்வளவு வேகமாக வைத்திருப்பார். எனக்கு அது சட்டியில் கடுகு பொரிவது போலக் கேட்கும். அவருக்கு எல்லாம் புரியும். வாக்கியம் பாதியில் இருக்கும்போதே மீதி தெரிந்துவிடும். ஒரு விசையைத் தட்டிக் குரலை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போவார்.

"முழுசா கேட்டுக்கிட்டு இருந்தா நான் எப்ப வேலைய முடிக்கிறது?" என்பார்.

அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வயது இருபத்தொன்பது. பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் மாடியில் அவரும் நானும் அம்மாவும் இருக்கிறோம். பகலில் ஒரு கம்பெனிக்காக இணையதளங்களைச் சோதிப்பார். பார்வையில்லாதவர் அதில் பஸ் டிக்கெட் எடுக்க முடியுமா, முடியாவிட்டால் எந்த இடத்தில் தடுக்கிறது என்று எழுதிக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்தான். அதற்குச் சம்பளம் கிடையாது. நான் பள்ளி முடித்து எட்டு மாதமாக எந்த வேலையிலும் நிலைக்காமல் இருப்பதால், இவர் மட்டும் எப்படிச் சும்மா உழைக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன்.

"பூட்டி வெச்ச மென்பொருள்ல ஒரு பட்டனுக்குப் பேரு வெக்கலன்னா, எனக்கு அது வெறும் 'பட்டன்'னுதான் கேக்கும். கம்பெனிக்காரன்கிட்ட ரெண்டு வருஷம் கெஞ்சணும். இதுல நானே உள்ள போயி பேரு வெச்சிட்டு வந்துடுவேன். எனக்குப் பின்னால வர்றவனும் கெஞ்ச வேணாம்."

மூன்று வருடத்துக்கு முன் அவர் சொந்தமாக ஒரு சமூக ஊடகச் சர்வர் தொடங்கினார். பெயர் 'தெலிங்கா'. மலாயில் காது. நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். எங்கள் தெருவின் உடம்பு பிடித்துவிடும் மசாஜ் கடைக்காரர்கள், டெலிபோன் ஆப்பரேட்டர்கள், பிரெய்ல் ஆசிரியர்கள் என்று பாதிக்கு மேல் பார்வையில்லாதவர்கள். இது போன்ற சின்னச் சர்வர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நடத்துகிறார். ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைத் தொடரலாம், பேசலாம். ஆனால் நடத்துகிறவர் நினைத்தால் இன்னொரு சர்வரை மொத்தமாகத் துண்டித்துவிடலாம். முதலாளி யாரும் இல்லாத ஊடகம் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். துண்டிக்கும் அந்த ஒரு பட்டன் விஷயத்தில் அவரே முதலாளி என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

தெலிங்காவில் ஒரே விதி. படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி விவரம் எழுத வேண்டும். இல்லையென்றால் குரல் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும்.

தெற்கே மோட்டார் சைக்கிள் பையன்கள் நடத்திய ஒரு சர்வர் இருந்தது. இரண்டாயிரம் பேர். நாள் முழுக்கப் படங்கள், எங்கள் காதில் பட்டவரை ஒன்றிலும் விவரம் இல்லை. எங்கள் பக்கம் 'படம், படம், படம்' என்று கொட்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் மரியாதையாகத்தான் எழுதிக் கேட்டார். அதை நடத்தியவன் பதில் எழுதினான்: "கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குடா படம்?"

ஞாயிறு பூசைக்குப் போய்வந்து நாங்கள் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இது வந்தது. அண்ணன் கையைக்கூடக் கழுவவில்லை.

"துண்டிச்சிடவா ரீத்தா?"

"இன்னும் என்னாண்ணே யோசிக்கிற? தட்டு," என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

துண்டிக்கும்போது சர்வர் ஒரு எச்சரிக்கை சொல்லும். அதை மலாயில் மொழிபெயர்த்துக் கொடுத்ததே அண்ணன்தான். அதனால் முதல் நான்கு சொல்லிலேயே குரலை வெட்டிவிட்டு என்டர் தட்டினார். இருவரும் சிரித்தோம்.

மூன்று வாரம் கழித்து எதிர் வரிசையில் உடம்பு பிடிக்கும் கடை வைத்திருக்கும் காக் ரொஹாயா கைத்தடியோடு மாடி ஏறி வந்தார். ஐம்பது வயது; காக் என்றால் மலாயில் அக்கா. தெலிங்காவில் முதலில் சேர்ந்தவர் அவர்தான்.

"சவரி, உன் சர்வருக்குக் காது அடைச்சிடுச்சா?"

"ஏன் காக்?"

"ஒரு பையன் போடுறத நான் தினம் காலையில கேப்பேன். இப்ப வரல. தேடினாலும் ஆளே இல்லங்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னைத்தான் வேணாம்னு வெட்டிட்டானா?"

பையன் பேர் என்ன, எந்தச் சர்வர் என்று அண்ணன் கேட்டார். அவர் சொன்னதும் அண்ணனின் கை மேசையில் அப்படியே நின்றது.

"அந்தப் பக்கம் என்னமோ கோளாறு போல காக். பாக்கிறேன்," என்றார்.

அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். நானும் வாயைத் திறக்கவில்லை.

அவர் போனதும் அண்ணன் துண்டித்ததை நீக்கினார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, அன்று வெட்டிய எச்சரிக்கையைச் சர்வரின் பதிவிலிருந்து எடுத்து, குரலின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்டார். புதிய பதிப்பில் யாரோ கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 'இதனால் உங்கள் உறுப்பினர் ஒருவரின் தொடர்பு அறுந்துவிடும். பிறகு திறந்தாலும் அது திரும்பி வராது.'

ஒருவர்.

அந்தப் பையனின் பக்கத்தைத் தேடி எடுத்தோம். பெயர் சுக்ரி, குளுவாங்கில் வெல்டிங் பட்டறையில் வேலை. இரண்டாயிரம் பேரில் அவன் ஒருவன்தான் ஒவ்வொரு படத்துக்கும் விவரம் எழுதியிருந்தான். அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு விவரத்தில் குரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்.

'இன்று நான் செய்த இரும்புக் கேட். சாம்பல் நிறம். உயரம் மாக் தோளுக்கு வரும்.'

மாக் என்றால் அம்மா.

"இது காக்கோட மகன், ரீத்தா," என்றார் அண்ணன். "அவங்க ஒருத்தருக்காகத்தான் எழுதியிருக்கான்."

நாங்கள் துண்டித்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பத்தொன்பது படங்கள் இருந்தன. ஒன்றிலும் விவரம் இல்லை. அவன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அம்மா அவனைத் தொடர்வதை நிறுத்திவிட்டது போலத்தான் தெரிந்திருக்கும்.

அண்ணன் இரண்டு நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. காக்கிடம் சொல்லாமலேயே சரிசெய்ய வழி உண்டா என்று நிரலுக்குள் தேடினார். மூன்றாம் நாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, காக் ரொஹாயாவின் கடைக்கு இருவரும் போனோம். அவர் துவாலை மடித்துக்கொண்டிருந்தார்.

"கோளாறு அந்தப் பக்கம் இல்ல காக். நான்தான். கோவத்துல துண்டிச்சேன். எச்சரிக்கைய முழுசா கேக்கல. அன்னிக்கி உங்ககிட்ட பொய் வேற சொன்னேன்."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு துவாலை மடித்து முடித்தார்.

"ஊர்ல இருக்கிற எல்லா வெப்சைட்காரனையும் திட்டுவ. கண்ணு தெரியாதவங்கள நெனச்சுப் பாக்க மாட்டேங்கறானுங்கன்னு."

"ஆமா காக்."

"நீ நெனச்சியா?"

காக் அடுத்த துவாலையை எடுத்தார்.

"நான் மறு கல்யாணம் பண்ணதிலேர்ந்து அவன் என்கிட்ட பேசறதில்ல. நாலு வருஷம். போன் நம்பர் இருக்கு, ஆனா அடிச்சதில்ல. எடுக்கலன்னா அதோட முடிஞ்சிடும்ல? இது இருந்துச்சு. அவன் எழுதுவான், நான் கேப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்குவோம்." துவாலையைக் கீழே வைத்தார். "அதையும் நீ எடுத்துட்ட."

"என்ன மன்னிச்சிடுங்க காக்."

"அதெல்லாம் அப்புறம் லா. இப்ப வருதா?"

அவரே போனில் அவனை மறுபடி தொடர்ந்தார். சுண்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். 'படம்.' தள்ளினார். 'படம்.' அண்ணன் தலை குனிந்துகொண்டார். ஐந்தாவதில் காக் ரொஹாயா போனை என் பக்கம் நீட்டினார்.

"பாப்பா, உனக்குக் கண்ணு இருக்கில்ல. என்னா இருக்கு, சொல்லு."

சொன்னேன். ஒரு மோட்டார் சைக்கிள். ஒரு படிக்கட்டுக் கம்பி. மழை பெய்யும் பட்டறை வாசல். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பதினோராவது படத்துக்கு வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். மூன்று நாளாக அந்தப் படங்கள் எங்கள் வீட்டுத் திரையில்தான் இருந்தன. எத்தனை என்று எண்ணினேனே தவிர, எதையும் நான் பார்க்கவே இல்லை.

"ஏன் நிறுத்திட்ட?"

அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். "இருக்கிறத சொல்லு ரீத்தா. பாதியில விடாத."

"கை. வலது கை. மணிக்கட்டுலேர்ந்து விரல் வரைக்கும் கட்டு போட்டிருக்கு. பக்கத்துல மருந்து டியூப். ஒரு கட்டில் மேல வெச்சு எடுத்திருக்காங்க."

"எப்ப போட்டது?"

"பன்னெண்டு நாளாச்சு."

காக் ரொஹாயா என் கையிலிருந்து போனை வாங்கி, யாரையும் கேட்காமல், மனப்பாடமாக நம்பரைத் தட்டினார். அண்ணன் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போற? உக்காரு."

அண்ணன் வந்து உட்கார்ந்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

ஏழாவது மணியில் யாரோ எடுத்தார்கள். அந்தப் பக்கம் பட்டறையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதை அணைத்தார்கள்.