டிரைவருக்குப் பின்பக்கம்

நானும் கார் ஓட்டி வந்த மாணிக்கம் அண்ணனும் மட்டும் இருக்கிறோம். உடன் வருவதாகச் சொன்ன அலுவலக நண்பர்கள் வரவில்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில், ஆறு ஸ்டூல் போட்ட சிறிய ஜப்பானிய சுஷிக் கடை. ஆறும் காலியாகத்தான் கிடக்கின்றன.

"டிரைவருக்குக் கடைக்குப் பின்னாடி தக்காளிச் சோறு இருக்குதுங்க, காசு வேண்டாங்க" என்கிறார் கடைக்காரர்.

கடைக்கு ஆள் கூட்டி வருகிற டிரைவர்களுக்கு மலையில் இதுதான் வழக்கமாம். என் அப்பாவும் டிரைவர்தான்; இப்படிப் பின்பக்கம் தின்றுதான் என்னைப் படிக்க வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அவர் இங்கேதான் உட்காருவார். ரெண்டு தட்டு வையுங்க."

கடைக்காரர் முகத்தைச் சுளித்தபடியே சோற்றையும் பச்சை மீனையும் கடற்பாசியில் சுருட்டி, நறுக்கி வைக்கிறார்.

"ஏனுங்க தம்பி, இதத் தின்னுபோட்டு நானு இருவது வளைவு எறங்கோணுங்களா?" என்கிறார் அண்ணன். ஆனாலும் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

பில் வந்ததும் நான் பர்ஸை எடுப்பதற்குள் அவர் தன் பங்கை எண்ணி வைத்துவிடுகிறார்.

"விடுங்க தம்பி. இங்க உக்காந்தும் ஓசியில தின்னா, பின்னாடி தின்ன மாதிரித்தானுங்க."

அவருடைய ஒரு நாள் பேட்டா முந்நூறு ரூபாய். அந்தத் தட்டு முந்நூற்று இருபது.