புளிக்காத வீடு

யுத்த காலத்தில் சுருளிப்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த கல் வீட்டில் எதுவும் புளிக்காது. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் அந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டார்கள்.

நான் அங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனவன். மனைவி கர்ப்பம்; அப்போதுதான் நாலாம் மாசம் தொடங்கியிருந்தது. தலைப்பிள்ளை. அவள் ஊரான வடுகபட்டியிலிருந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடுகிற பஸ்ஸில், மேடு வந்தபோதெல்லாம் இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். சாமான் மொத்தம் பத்தொன்பது உருப்படி. பதினெட்டை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பத்தொன்பதாவது அவள் மடியில் இருந்த பித்தளைச் சொம்பு; அதில் அவள் அம்மா வீட்டு உறைமோர். முந்தின நாள்தான் பத்து விரலுக்கும் மருதாணி வைத்திருந்தாள். அந்தச் சிவந்த விரல்களால் சொம்பின் வாயைப் பொத்தியபடியே முப்பது மைலும் வந்தாள். அது தளும்பிவிடுமோ என்ற கவலையில் நான் வழியில் எதையும் பார்க்கவில்லை.

அன்று மாலை பாலைக் காய்ச்சி ஆற்றி, உறை ஊற்றி மூடினாள். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. மத்தியானமும் அப்படியே. தயிராகவும் இல்லை, திரியவும் இல்லை.

"பஸ்ஸுல குலுங்கி மோருக்கு உசுரு போயிருச்சு போல" என்றாள்.

எதிர்வீட்டில் நாலு பிள்ளை பெற்ற ஒரு விவசாயி வீட்டு அம்மாள் இருந்தாள். என் மனைவி அவளை மதினி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அவள் ஒரு கரண்டி மோர் கொடுத்தாள். "பொழுது சாயறதுக்குள்ள வாங்கிட்டுப் போயிரு ஆத்தா. வெளக்கு வச்சப்புறம் மோரும் உப்பும் நான் வாசலத் தாண்டிக் குடுக்கமாட்டேன்" என்றாள். அந்த மோருக்கும் பால் அசையவில்லை.

பிறகு தெருவே வந்தது. மத்தியான வேளையில் எங்கள் அடுப்படியில் நாலைந்து பெண்கள் கூடுவார்கள். அடுத்த அறையில் நான் பிள்ளைகளின் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

"நாலு மொளகாயக் கிள்ளிப் பால்ல போடு. மொளகா வேணாம், காம்பு போதும்."

"காம்பெல்லாம் கோடைக்குத்தான். சுண்டைக்கா அளவு புளிய உருட்டிப் போடச் சொல்லு."

"எதுக்கு இத்தன பாடு?" இது எதிர்வீட்டு அம்மாளின் குரல். "வாத்தியார ஒருதடவ பானைக்குள்ள எட்டிப் பாக்கச் சொல்லு. அவுக மொகத்துக்குப் பாலு தானாத் திரிஞ்சுரும்!"

எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது அது. என் மனைவியும் சிரித்தாள்.

மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவரின் மனைவி ஒரு மலையாளத்து அம்மாள். அவள் தன் பங்குக்கு ஒரு வழி சொன்னாள். "மலையில எங்களுக்கு மோரு எங்க கிட்டும்? துணியத் தயிருல முக்கி, நெழல்ல ஒணக்கி, மடிச்சு வைப்போம். வேணுங்கிறப்ப ஒரு கஷணம் பால்ல இட்டா மதி, அது போதும், கேட்டோ." அப்படியொரு துணியையும் கொண்டுவந்து கொடுத்தாள். பதிலுக்கு என் மனைவி வடுகபட்டிப் பூண்டுக் குழம்பின் பக்குவத்தைச் சொன்னாள். நல்லெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் கடலையெண்ணெயில் செய்வதானால் வெந்தயத்தைக் கடைசியில் வறுத்துப் பொடித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும் என்றாள். இப்படிக் கொடுத்தும் வாங்கியும் அந்தத் தெருவில் அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது.

ஆனால் பால் உறையவில்லை. மறுநாள் பார்த்தபோது நாலு காம்பும் கிள்ளிப்போட்ட பச்சை மாறாமல் மிதந்தன. புளியும் துணியும் அதே கதிதான்.

அரிசித் தட்டுப்பாட்டில் கம்பும் சோளமும்தான் சாப்பாடு. ராத்திரி கரைத்துவைத்த கம்பங்கூழ் காலையில் புளிப்பே இல்லாமல் சப்பென்று இருந்தது. உளுந்துக்குப் பதில் வெந்தயத்தைக் கூட்டிப் போட்டுச் சோளத்தில் தோசைக்கு அரைக்க எதிர்வீட்டு அம்மாள் கற்றுக்கொடுத்தாள். மாவு எவ்வளவு இருக்கிறது என்று பானையின் வெளியே கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்தேன். காலையில் மாவு கோட்டிலேயே நின்றது. மூன்றாம் நாளும் நின்றது.

அதன்பிறகுதான் வீட்டில் ஈ இல்லை என்பதைக் கவனித்தேன். எதிர்வீட்டு முற்றத்தில் கிடந்த ஒரு மாம்பழத் தோலில் முப்பது ஈக்கள்வரை எண்ணினேன். எங்கள் அடுப்படியில் ஒன்றுகூட இல்லை; வெல்லத்தைத் திறந்து வைத்தாலும் எறும்பு வராது. வீட்டைப் பற்றி விசாரித்ததில், கட்டின நாளிலிருந்து அதிகமும் பூட்டியே கிடந்தது என்பதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பெண்களுக்கு முதலில் இது பெரிய வசதியாகப் பட்டது. கறிக்குழம்பு மிஞ்சினால் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்று நாள் கழித்து எடுத்துப் போனாலும் இறக்கிவைத்த நேரத்து வாசனையோடு இருந்தது. தேங்காய்த் துவையல், கறந்த பால், கட்டிய பூச்சரம் எல்லாம் வந்தன. உத்தரத்தில் புதிதாக உறிகள் தொங்கின.

"உப்புக்கண்டம் போடுற வேலையே இல்லாமப் போச்சுடி" என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் நான் எண்ணியபோது ஏழு உறிகளில் ஏழு பானைகள் இருந்தன. அத்தனையும் அடுத்த வீட்டுச் சாப்பாடு. இருட்டுகிற வேளையில் அவற்றின்கீழ் நடக்க எனக்குப் பிடிக்காது. தலையில் விழுந்துவிடுமோ என்றுதான் பயம் என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

அந்தத் தெருவுக்குப் பிரசவம் பார்க்கிற கிழவி ஒருத்தி இருந்தாள். அவளும் ஒருநாள் மத்தியானம் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். உட்கார்ந்ததும் என் மனைவியைப் பார்த்து, "அஞ்சு முடியப்போகுதே தாயி. புள்ள அசையுதா?" என்று கேட்டாள்.

"இல்லத்தே."

"மீனு துள்ளுறாப்புல லேசா? ராத்திரி படுத்திருக்கயில?"

"ஒண்ணுமே தெரியலத்தே."

அடுப்படியில் அதற்குமேல் பேச்சில்லை. நான் பென்சிலை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்தச் சமயத்தில் எல்லோரும் ஒன்றுபோல நிமிர்ந்து உறிகளைப் பார்த்தார்களாம். மனைவி பிற்பாடு சொன்னாள்.

கிழவி தன் கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து பானையை இறக்கிக்கொண்டார்கள். ஒருத்தி வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்களாம். ஒருத்திக்குப் பானை வேண்டியிருக்கிறதாம். மலையாளத்து அம்மாள் காரணம் எதுவும் சொல்லவில்லை. கடைசியாக வந்த எதிர்வீட்டு அம்மாள், "தப்பா நெனைக்காத ஆத்தா" என்று மட்டும் சொன்னாள். என் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அவள் பேசியது அன்றுதான் முதல் தடவை. ஏழு உறியும் காலியாகத் தொங்கின.

அன்று மாலை மனைவி என்னிடம் சொன்னாள்: "இந்த வீட்டுல வச்சது வச்சபடியே இருக்குது. வயித்துல இருக்கிறதும் அப்பிடியே நின்னு போயிருச்சோன்னு பயமா இருக்குங்க."

நான் படித்தவன். கல் சுவர் குளிர்ச்சி, அதனால் மாவு பொங்காது என்றேன். புதுச் சுண்ணாம்பின் காரத்துக்கு ஈ வராது என்றேன். முதல் பிள்ளைக்கு அசைவு தாமதமாகத்தான் தெரியும் என்று எங்கோ கேட்டதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த வாழைப்பழம்?" என்றாள். பாதி பழுத்ததாக வாங்கி நான் கட்டித் தொங்கவிட்ட சீப்பு அது. பன்னிரண்டு பழம், எடுத்துத் தின்ற மூன்று போக ஒன்பது. வாங்கி எத்தனையோ நாள் ஆகியும் காம்புப் பச்சை காம்பிலேயே நின்றது.

மறுநாள் எனக்கு விடுமுறை. மத்தியானம் அவள் எனக்குக் கூழ் ஊற்றினாள். செம்பைப் பிடித்திருந்த விரல்களை அப்போதுதான் பார்த்தேன். வடுகபட்டியில் வைத்த மருதாணி. இரண்டு மாசம் ஆகிவிட்டது. பாத்திரம் தேய்த்ததில் தோலில் எப்போதோ போய்விட்டது, நகத்தில் இருந்தது. இருப்பதில் அதிசயம் இல்லை. ஆனால் இரண்டு மாசத்தில் நகத்தின் அடியில் புது நகம் வெள்ளைப் பிறையாக வளர்ந்து, சிவப்பை நுனிக்குத் தள்ளியிருக்க வேண்டும்.

இரண்டு கையையும் தரையில் விரித்து வைக்கச் சொன்னேன். பத்து நகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்திலும் சிவப்பு சதையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"என்ன பாக்குறீக?"

"இங்கன வந்த பெறகு நீ நகம் வெட்டினியா?"

அவள் யோசித்தாள். "இல்ல. வெட்டணும்னு தோணவே இல்ல."

"எந்திரி" என்றேன்.

சாமான் எதையும் எடுக்கவில்லை. அவள் மட்டும் முந்தின நாள் உறை ஊற்றிய பால்சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். நான் கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்றோம். அந்த அம்மாள் முதலில் சட்டியைப் பார்த்தாள். அப்புறம் என் மனைவியின் வயிற்றைப் பார்த்தாள். உள்ளே அவளுடைய நாலு பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

"வா ஆத்தா" என்றாள் கடைசியில். "வலது கால எடுத்து வச்சு வா."

சட்டியை வாங்கி அடுப்போரத்துச் சூட்டுச் சாம்பலில் புதைத்தாள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு ஈ வந்து சட்டி விளிம்பில் உட்கார்ந்தது. பழக்க தோஷத்தில் நான் கையை ஓங்கினேன்.

"ஓட்டாதீக" என்றாள் மனைவி.

பொழுது சாய்ந்து விளக்கு வைப்பதற்குள் அந்த அம்மாள் சட்டியை எடுத்து மெல்லச் சாய்த்தாள். எதுவும் வழியவில்லை. இன்னும் சாய்த்தாள். வெள்ளையாக, ஓரம் விடாமல், கட்டியாக நின்றது.

"வாத்தியார் மொகத்தப் பாத்துருச்சுடி!" என்றாள்.

என் மனைவி சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வயிற்றில் கை வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

"என்னத்தா?"

"மதினி, கையக் குடுங்க. இங்கன."

அந்த அம்மாள் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாமான் எடுக்க நான் மட்டும் போனேன். பத்தொன்பதும் இருந்தன. ஒன்பது வாழைப்பழமும் அதே நிறத்தில் தொங்கின. அவற்றை அப்படியே விட்டு வந்தேன்.

பிரசவத்துக்கு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். பத்தாம் மாசம் முடிந்தும் வலி வரவில்லை. பதினொன்றும் போயிற்று. நாள் கணக்கைத் தப்பாகச் சொல்கிறாள் என்று வடுகபட்டியில் அவளை ஏசினார்கள். நான் மறுக்கவில்லை, வேறு கணக்கைச் சொன்னால் யார் கேட்பார்கள்? பன்னிரண்டாம் மாசத்தில் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். அந்த வீட்டில் இருந்த இரண்டு மாசத்தைக் கழித்துவிட்டால் கணக்கு சரியாகப் பத்து வருகிறது. நான் பல தடவை கழித்துப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. நான் அவளோடுதான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் உறை ஊற்றுவது பிரசவத்துக்குப் போகும்போது எதிர்வீட்டு அம்மாள் கொடுத்தனுப்பிய மோரின் வழி வந்ததுதான். காலையில் எழுந்ததும் நான் அடுப்படிக்குப் போய்ச் சட்டியைச் சாய்த்துப் பார்க்கிறேன்.

"ஒறஞ்சிருச்சுப்பா. நீங்க போயி ஒக்காருங்க" என்கிறாள் மகள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உறைந்திருக்கிறது. அவள் நகங்களையும் ஒருதடவை பார்த்துவிட்டுத்தான் நான் போய் உட்காருகிறேன்.