வயரில்லாத சிவப்பு விளக்கு

என் வீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு விளக்குக்கு வயர் கிடையாது. இரண்டு பற்றரியில் எரிகிறது. வருகிற சனங்கள் "இதென்ன, விளையாட்டுச் சாமான் மாதிரி?" என்று கேட்பார்கள். கேட்பதில் பிழையில்லை. எங்கள் கத்தோலிக்க வீடுகளில் அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்ப் பிளக்கில் குத்தியபடி இரவு பகலாக எரிய வேண்டும், அதுதான் வழக்கம். இந்தப் பற்றரி விளக்கை வாங்கித் தந்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். ஏன் வாங்கித் தந்தார் என்பது பல வருடங்களாக அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விசயம்.

நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. அத்தான் எனக்கு நேரெதிர். டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை விமானத்தில் ஏற்றுகிற வேலை அவருக்கு. கொட்டுகிற பனியிலும் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற மனுசன். அக்காவும் அவரும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்கிற புறநகரில் வீடு வாங்கி இருந்தார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் அக்காவுக்கு ஒரு நரம்பு நோய் வந்தது. குளிரை எப்படியோ தாங்கிக்கொண்டாள். வெக்கைதான் ஆகாது. வெயிலில் பத்து நிமிடம் நின்றால் போதும், கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரித் துவண்டுவிடும். கோடையில் எங்கள் சனமெல்லாம் பஸ் பிடித்து மாதா கோயிலுக்கு யாத்திரை போகும்போது அவள் மட்டும் பேஸ்மென்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இரண்டு கோடை அப்படிப் போனது. மூன்றாவது கோடையில் ஒரு நாள், "மாதாவே என்னைக் கூப்பிடேல்லைப் போல" என்று சொன்னாள். அழக்கூட இல்லை. அதைத்தான் அத்தானால் தாங்க முடியவில்லை.

அடுத்த கிழமை வாசலில் ஒரு ட்ரெயிலர் வந்து நின்றது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற சின்ன வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் இருந்தன, ஏசி மட்டும் இல்லை. கூரையின் நடுவில் காற்றுப் போக ஒரு சதுர மூடி இருந்தது. அதைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையின் மேல் ஏசியை இருத்தலாமாம். கடைக்காரன் செப்டெம்பருக்குப் பிறகுதான் நேரம் என்று சொல்லிவிட்டான். யாத்திரையோ ஆகஸ்ட் நடுவில். "பிளேனுக்கே சாமான் ஏத்துறன். இதென்ன கண்டறியாத வேலை? நானே பூட்டுறன்" என்றார் அத்தான். எனக்கு அன்றைக்கே பயம் பிடித்துவிட்டது.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை. நான் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது, அவரும் அவரோடு வேலை செய்கிற இரண்டு பேரும் ஏசியைக் கயிற்றில் கட்டி ஏணிவழியாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் பாரம். அது ஏணியில் உரசி உரசி ஏறியபோது நான் கீழே நின்று செபமாலையில் பாதியை முடித்துவிட்டேன். கூரையில் மரச்சட்டம் ஓடுகிற இடத்தில் மட்டும்தான் கால் வைக்கலாமாம், மற்ற இடம் பப்படம். பலகை போட்டு அதன்மேல் தவழ்ந்தார்கள். ஒருமுறை அத்தானின் முழங்கால் பலகையை விட்டு வழுக்கியது. கூரை "டொக்" என்று உள்ளே அமுங்கித் திரும்ப எழும்பியது. நான் "ஐயோ மாதாவே!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி எட்டிப் பார்த்தாள். அத்தான் மேலிருந்தபடியே அவளுக்கு "பொன்ஜூர்" சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியத்தோடு மற்ற இரண்டு பேரும் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்ச வேலை உள்ளே. கூரை ஓட்டையால் தொங்குகிற வயர்களைச் சேர்த்து, நாலு நீளத் திருகாணிகளை முறுக்கி, கீழ்மூடியைப் பூட்ட வேண்டும். வீட்டிலிருந்து ட்ரெயிலருக்குக் கரண்ட் கொடுக்கிற தடித்த வயரின் பிளக்கைக் கராஜில் கழற்றிப் போட்டுவிட்டு வந்து என்னிடமும் சொன்னார்: "மச்சாள், பிளக்கைக் கழட்டிட்டன். ஒருத்தரும் அதிலை கை வைக்கப்படாது, என்ன?" நான் "ஓம் அத்தான்" என்றேன். என் காதால் கேட்டு, என் வாயால் சொன்னேன். இதை நான் மறைக்கவில்லை.

மூன்று மணிபோல வீட்டுத் தொலைபேசி அடித்தது. பங்குச் சாமியார். ட்ரெயிலரை ஆசீர்வதிக்க மாலைதான் வருவதாக இருந்தவர், பக்கத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க வந்தாராம், பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை. தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போய் ட்ரெயிலர்ப் படியைக் கூட்டினேன். கூட்டியபடி ஜன்னலால் உள்ளே பார்த்தேன். அலுமினிய ஸ்டூலின் மேல் அத்தானின் கால்கள் தெரிந்தன, தலை கூரை ஓட்டைக்குள் இருந்தது. எதிர்ச் சுவரில், அக்கா முதல் நாளே கொண்டுபோய் மாட்டிய இருதய ஆண்டவர் படம். அதன் சிவப்பு பல்ப் எரியாமல் நூர்ந்துபோய்க் கிடந்தது.

சாமியார் படியேறும் நேரம் அந்த விளக்கு நூர்ந்து கிடப்பதா? எங்கள் அம்மா இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பார். அத்தான் ஆணிதான் முறுக்குகிறார், வயர் வேலை முடிந்திருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படி நினைத்தேன், ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விளக்கு நூர்ந்திருக்கிறது, ஏற்ற வேண்டும். மண்டைக்குள் அது ஒன்றுதான் இருந்தது. கராஜுக்கு ஓடிப்போய்ப் பிளக்கை எடுத்துக் குத்தினேன்.

திரும்பி வந்து, விளக்கு எரிகிறதா என்று ஜன்னலால் பார்த்தேன். எரிந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் பார்த்தேன், ஸ்டூலின் மேல் கால்களைக் காணவில்லை. ஸ்டூல் சரிந்து கிடந்தது.

அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே ஓடுவதா, பிளக்கைப் பிடுங்க ஓடுவதா என்று இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி வைத்தேன். பிறகு கராஜுக்கு ஓடிப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தேன். அத்தான் கட்டிலுக்கும் தொட்டிக்கும் இடையில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. கரண்ட் அடித்தவரைத் தொடக்கூடாது என்று எப்போதோ யாரோ சொன்னது மட்டும் நினைவு வந்தது. கையில் இருந்த தும்புத்தடியால் அவர் தோளில் தட்டினேன். அசைவில்லை. அக்காவுக்கு என்ன சொல்வேன்? கீழே பேஸ்மென்டில் அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நான் அவள் புருசனைக் கொன்றுவிட்டு மேலே நிற்கிறேன். இன்னொரு முறை தட்டினேன். கொஞ்சம் பலமாகவே.

"என்ன மச்சாள், என்னையும் கூட்டித் தள்ளப் போறியோ?" என்று முனகினார்.

நான் தும்புத்தடியைக் கீழே போட்டேன். அவர் மெதுவாக எழும்பி, வலது கையைப் பார்த்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் கறுத்திருந்தன. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சாமியார் வாறார்... விளக்கு..." என்று இழுத்தேன்.

"சரி விடு. நானும் உள்ளுக்கை பிரேக்கரை இறக்கி வைச்சிருக்கவேணும். ஆனா அக்காவுக்கு வாய் திறந்திடாதை. வேலை நடக்கேக்கை உன்ரை கையாலை இப்பிடி நடந்ததெண்டு தெரிஞ்சா, உன்னையும் விடமாட்டா, மாதாவே வேண்டாமெண்டிட்டா எண்டு இதுக்குள்ளை காலும் வைக்கமாட்டா. நான் மறந்துபோனன் எண்டால் என்னை ஏசிப்போட்டு வருவா."

அவர் கணக்குப் பிழைக்கவில்லை. ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டு அக்கா பொல்லை ஊன்றி மேலே வந்தாள். "பிளக்கைக் கழட்ட மறந்துபோனனப்பா" என்றார் அத்தான். "மூளையை எங்கை கழட்டி வைச்சனீங்கள்?" என்று தொடங்கினாள் அக்கா. சாமியாரின் கார் வந்து நிற்கும்வரை ஓயவில்லை. சாமியார் தீர்த்தத்தைக் கூரைவரை விசிறித் தெளித்தார். நான் "ஃபாதர், மேலை வயர்!" என்று கத்திவிட்டேன். அத்தான் சுட்ட விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி "ஆமென்" என்றார்.

திங்கட்கிழமை டொக்டரிடம் அனுப்பி, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. ஆகஸ்டில் அக்கா யாத்திரை போனாள். அந்த ஏசிக்குக் கீழே படுத்தபடி ஒலிபெருக்கியில் பூசை கேட்டாள். வெயில் தணிந்ததும், ஊர்வலமாகத் தூக்கிப்போன மாதாவின் சுருவத்துக்குப் பின்னால் பொல்லோடு நாற்பது அடி நடந்தாள். நான் ஏசி "டக்" என்று நின்று எழும்பும்போதெல்லாம் அத்தானின் கால்களை எண்ணிப் பார்த்தேன். அதற்கிடையில் அவர் இரண்டு பற்றரி விளக்கு வாங்கியிருந்தார், ஒன்று ட்ரெயிலருக்கு, மற்றது எனக்கு. "இது நூராது. நீயும் ஓடத் தேவையில்லை" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையும், ட்ரெயிலருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அக்கா அந்தக் கதையைச் சொன்னாள். "இந்த மனுசன் பிளக்கைக் கழட்டாமல் வயரைப் பிடிச்சதல்லோ!" எல்லோரும் சிரிப்பார்கள், அத்தானும் சிரிப்பார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நான் தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு எழும்பிவிடுவேன்.

போன வருடம் பனிக்காலத்தில் அத்தான் புற்றுநோயில் போய்விட்டார். எப்போதோ அடித்த கரண்டால் இது வந்திருக்குமோ என்று டொக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். நாலு நாள் கழித்துத் திரும்பவும் கேட்டேன். அவருடைய முப்பத்தொன்றாம் நாள் செபத்துக்கு வந்த சனத்திடம் அக்கா பழைய கதையை எடுத்தாள், "இந்த மனுசன் பிளக்கை..." என்று. அவர் சிரிக்காத முதல் தடவை அது. எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அண்டைக்குப் பிளக்கைக் குத்தினது நான்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் மெல்லத் திரும்பி, அலுமாரி மேல் இருந்த அவருடைய படத்தைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அப்ப இவ்வளவு காலமும் நான் உங்களைச் சும்மாதானே ஏசினனான்? ஒரு நாளாவது திருப்பிச் சொல்லியிருக்கலாமே!" செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. என்னோடு ஆறு மாதம் கதைக்கவில்லை.

இந்த ஜூலையில் அவளே தொலைபேசி எடுத்தாள். ட்ரெயிலரை விற்கவில்லையாம், இந்த ஆகஸ்ட் யாத்திரைக்கு அவளுடைய மருமகன் இழுத்துப்போகிறாராம். "ஏசி வேலை செய்யுதோ எண்டு பாக்கவேணும். நீ வந்து குத்து."

"நானோ?"

"வேறை ஆர்? நான் உள்ளுக்கை இருக்கிறன்."

கராஜில் அதே தடித்த வயர். பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, ஒண்டிலையும் கை வைச்சிருக்கேல்லையே?" என்று மூன்றுமுறை கத்திக் கேட்டேன். மூன்றாம் முறை, "குத்தடி!" என்று அவள் ஏசின பிறகுதான் குத்தினேன். மேலே ஏசி உறுமியது. ஜன்னலுக்கு ஓடினேன். எதிர்ச் சுவரில் அத்தான் வாங்கிய பற்றரி விளக்கு தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். நான் அதைப் பார்க்கவில்லை. அக்காவின் கால்களைத்தான் பார்த்தேன். கட்டில் விளிம்பில் தொங்கியபடி அவை மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.