தண்ணியில்லாக் காட்டுப் பிள்ளை

என் தம்பி துப்பாக்கியோடு நிற்கும் படம் ஒன்று எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இருக்கிறது. பின்னால் பனிமலை, தலைக்கு மேல் இரண்டு போர் விமானங்கள், காலடியில் ஒரு புலி. முகம் மட்டும்தான் அவனுடையது. பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தில் இருந்து வெட்டி ஒட்டியது. கழுத்துக்குக் கீழே இருப்பவர் யாரென்று ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கே தெரியாது. பயிற்சி முடிந்து உடுப்போடு படம் எடுத்துக்கொள்ளும் நாள்வரைகூட என் தம்பி இருக்கவில்லை. ஆனால் 'எல்லை காத்த எங்கள் சிங்கம்' என்று போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாக ஊர்ப் பெரிய மனிதர்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எல்லோருக்கும் நல்ல சிரித்த முகம்.

வருஷா வருஷம் அது வெளுத்துப்போகும், வருஷா வருஷம் புதிதாக அடிப்பார்கள். நான் கல்யாணமாகி ராமநாதபுரத்தில் இருக்கிறேன். திருப்புல்லாணியைத் தாண்டி அம்மா வீட்டுக்குப் போக அந்த விலக்கில்தான் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பேன்.

அவன் எல்லையைப் பார்த்ததே இல்லை. வடக்கே ஒரு பயிற்சி முகாமில், காலை ஓட்டத்தில் விழுந்து செத்தான்.

அய்யாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், முகாமில் இருந்து ஃபோன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தமிழ் தெரிந்த ஒருவரைப் பேச வைத்திருந்தார்கள். வெயில் தாக்கி மயங்கி விழுந்தான், ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்றார் அவர். அய்யா அழவில்லை, பதறவில்லை. "வேற யார் வீட்டுக்கோ போட வேண்டிய போனை இங்கன போட்டுட்டீங்க தம்பி. எம்புள்ள வெயில்ல எல்லாம் சாக மாட்டான்" என்று பொறுமையாகச் சொல்லி வைத்துவிட்டார். பாவம் யார் பெற்ற பிள்ளையோ என்று வேறு சொன்னார். இரண்டாவது தடவை மணி அடித்தபோது ஃபோனை என்னிடம் நீட்டினார்.

அவர் நினைத்ததில் தப்பே இல்லை. வேலை பார்க்காத அதிகாரியைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு நாங்கள்தான். தம்பி பள்ளிக்கூட லீவில் அய்யாவோடு கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுவான். அனல் அடங்காத மூட்டத்தைப் பிரித்துக் கரி அள்ளிவிட்டு, அப்படியே சேதுக்கரைக்குப் போய்க் கடற்கரை மணலில் ஓடுவான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். "வெயில் எனக்குச் சித்தப்பா முறைக்கா" என்பான். முகாமிலும் அப்படித்தான் பீற்றிக்கொண்டிருக்கிறான். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

உடம்பு வந்த அன்று என் பெரியப்பா, ஊரில் அவர் சொல்தான் எடுபடும், அய்யாவைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"வெயில்னு வெளிய சொல்லாதடா. ராம்நாட்டுக்காரன் வெயில்ல செத்தான்னா நாளைக்கு ஒரு பய நம்மள மதிப்பானா? எல்லையிலன்னே இருக்கட்டும்."

அய்யா இருந்த நிலையில் எதற்கும் தலையாட்டியிருப்பார். பெட்டியைக் கொஞ்ச நேரம் திறந்தார்கள். அம்மா வாய்க்கரிசி போட்டாள். உடனே மூடிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் பனிமலை வந்து விலக்கில் நின்றுவிட்டது.

சில மாதம் கழித்து, அவனோடு பயிற்சியில் இருந்த தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் லீவில் வந்தவன், என் வீட்டுக்கு வந்தான். அய்யாவை வரவழைத்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. அந்தப் பையன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"முந்தின நாள்ல இருந்தே காய்ச்சல்க்கா. முடியலன்னு சொன்னான். நடிக்கிறான்னுட்டாங்க. பாதி ஓட்டத்துல தண்ணி கேட்டான். நீதான் வெயில் ஊர்க்காரனாச்சே, உனக்கெதுக்குத் தண்ணி, முடிச்சிட்டுக் குடின்னு டிரெய்னிங் வாத்தியார் சொன்னாரு. நாங்கல்லாம் சிரிச்சோம்க்கா. மறுபடியும் கேட்டான். அப்புறம் விழுந்துட்டான்."

சிரித்தோம் என்று சொல்லும்போதுதான் அவன் அழுதான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அறையவில்லை, காபி போட்டுக் கொடுத்தேன். அய்யா அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அப்புறம், "இது உங்காத்தா காதுக்குப் போகக்கூடாது" என்றார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

ஆனால் ஊருக்குத் தெரிய வேண்டும் என்று அவருக்கு வெறி வந்துவிட்டது. தம்பி போனதில் இருந்து அம்மா வாசல்படி தாண்டுவதில்லை என்ற தைரியத்தில் டீக்கடையில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார். வீரமரணம் அடைந்த பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று அவர் வாயை அடைத்தார்கள். பிள்ளை போனதில் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். பட்டாளத்துக்கு மனு எழுதிக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். எழுதினோம். மாரடைப்பு என்று பதில் வந்தது. வெயில்கூட இல்லையாம் இப்போது.

போன சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அய்யாவுக்கு மரியாதை செய்தார்கள். பெரியப்பாதான் பொன்னாடை போட்டார். அம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் வரமாட்டாள் என்றுதான் அய்யா நினைத்திருந்தார். நெருக்கித் தள்ளி மேடையேற்றிய அவசரத்தில் அவளைக் கவனிக்கவில்லை. அப்பாவாக இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"எம்புள்ள எல்லையில சாகல. காய்ச்சலோட ஓட விட்டாங்க. தண்ணி கேட்டான், குடுக்கல" என்றார் அய்யா. அவ்வளவுதான். மைக்கைப் பிடுங்கினார்கள். யாரோ ஓடிப்போய் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். அய்யாவும் பொன்னாடையோடு விறைப்பாக நின்றார். என் வாழ்க்கையில் நான் அப்படி யாரையும் வெறுத்ததில்லை, அந்தப் பாட்டு முடிகிறவரை அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரையும் வெறுத்தேன்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்காமல், வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். அரிசி களைந்து உலை வைத்தாள். நான் ராமநாதபுரம் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டேன்.

மறுநாள் பெரியப்பாவும் இன்னும் சிலரும் வந்தார்கள். அய்யா ஊரைக் கூட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும், புத்தி பேதலித்துச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார் பெரியப்பா. பட்டாளத்தில் சேர ஓடிக்கொண்டிருக்கும் பையன்கள் மனசு விட்டுப்போகுமாம். வந்தவர்களுக்கு அம்மா எப்போதும்போலச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை.

"அவரு ஏன் மன்னிப்புக் கேக்கணும்? நேத்து மைக்குல சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? வாய்க்கரிசி போட்டவ நானு. உதடெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. அரிசி உள்ள எறங்கல, உதட்டுலயே ஒட்டிக்கிச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா, புள்ள தவிச்சுப் போயிருக்கான்னு. இவுக அப்பன் மக ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா தாங்க மாட்டாகன்னு இத்தனை நாளும் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

அய்யா அவளை நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பா எழுந்திருக்கப் போனார்.

"தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க மச்சான்" என்றாள் அம்மா. "வீடு தேடி வந்தவுகளுக்கு நாங்க இல்லேன்னு சொல்றதில்ல."

ஒருவரும் செம்பைத் தொடவில்லை. அம்மா கதவோரமாக நின்று, அவர்கள் தெருவைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.