குழாய்க்காரர் வீட்டின் மகள்

நான் டிக்கெட் கொடுக்கிறவள். எனக்கு வரலாறு தெரியாது, வருகிறவர்களின் முகம்தான் தெரியும். யார் மழைக்கு ஒதுங்கினார்கள், யார் கழிப்பறையைத் தேடி வந்தார்கள், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தார்கள் என்பதைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். பழைய வீடுகளைப் பார்க்கவென்றே எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் குறைவு. அப்படி வந்தாலும் அவர்களுக்கு நீதிபதி வீடுதான் வேண்டும். அங்கே மாடிப்படி வளைந்து போகும், கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி இருக்கும், நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது வியாபாரி வீடு. அதில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. காலிப் பெட்டிதான், ஆனாலும் எட்டிப் பார்க்காமல் ஒருவரும் நகரமாட்டார்கள். தோட்டத்தின் மூலையில் கிடப்பது குழாய்க்காரர் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் துணி துவைக்கிற இடம், அவ்வளவுதான். "அதுல பாக்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். "குழாய் இருக்கு" என்பேன். வேறென்ன சொல்வது?

அந்த வீட்டைச் சுற்றிக் காட்டியவரை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. சுவரைத் தொட்டால் அதட்டுவார், பின்னால் நின்று யாராவது பேசினால் நிறுத்திவிட்டு முறைப்பார், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அதற்கு முன்னால் குழாய் சாமான் கடையில் கவுன்டரில் நின்றவர். வாஷர் கேட்டு வருகிறவரிடம் பழைய வாஷரை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்து, "இது தானா தேயலை, நீங்க திருகித் திருகிக் கெடுத்திருக்கீங்க" என்று திட்டிவிட்டுத்தான் புதியதைக் கொடுப்பாராம். அவருடைய அப்பா குழாய்க்காரர். ஊரில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனிதர், தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதை மட்டும் கண்ணை மூடும்வரை கண்டுகொள்ளவில்லை. ஆமாம், டீச்சர் தினமும் சுற்றிக் காட்டியது அவர் பிறந்து வளர்ந்த வீட்டைத்தான்.

பார்க்க வருகிறவர்களுக்கு இது தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேலாளர் சொல்லிவிட்டார்: "சொந்தக் கதை வேண்டாம்மா. 'நான்', 'எங்கம்மா', 'எங்கப்பா' எதுவும் வரக்கூடாது. ஆளுங்க வீட்டைப் பாக்க வர்றாங்க, உங்களைப் பாக்க வரலை." டீச்சர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தன் அப்பாவை 'இந்த வீட்டுக்காரர்' என்பார், அம்மாவை 'அவருடைய மனைவி' என்பார். தன்னை 'மகள்' என்பார். "மகள் இந்த ஜன்னல் பக்கம்தான் படுப்பாங்க" என்று அவர் சொல்லும்போது, அந்த மகள் போய்ச்சேர்ந்து பல காலமாகிவிட்டது போல இருக்கும். சட்டம் போட்ட மேலாளர் மாற்றலாகிப் போனார், அவருக்குப் பின் வந்தவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. டீச்சர் மட்டும் விடவில்லை. அவர் பிடித்தால் பிடித்ததுதான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு முறை கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பா போன பிறகு அம்மா படுக்கையில் விழுந்தார். பார்த்துக்கொள்ள டீச்சர்தான். ஒரே தம்பி. கப்பலில் வெல்டராக வேலை, போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா இறந்தபோதும் அவர் எங்கோ நடுக்கடலில் இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். தெருவில் ஒரு பக்க வரிசையை மொத்தமாக இடித்தார்கள். குழாய்க்காரர் வீட்டின் பின்சுவர் எங்கள் தோட்டத்துச் சுவர். வேலை செய்து பிழைத்த குடும்பத்தின் வீடு ஒன்றும் இருக்கட்டும், கொடுத்தால் அரசிடம் பேசி இடிக்காமல் காப்பாற்றித் தருகிறோம் என்று அருங்காட்சியகம் சொன்னது. கொடுக்காவிட்டால் அடுத்த வாரம் இயந்திரம் வந்து நிற்கும். டீச்சர் கையெழுத்துப் போட்டார். தம்பி வந்தபோது வாசலில் அருங்காட்சியகப் பலகை தொங்கியது, அறைகளுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கையில் பையோடு உள்ளே நுழையப் போனவரை எங்கள் வாட்ச்மேன் மறித்து, "டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு என்ன தெரியும். தம்பி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அந்த வீட்டில் தன் படம் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று பிறகு அலுவலகத்துக்கு ஆள் விட்டுச் சொன்னார். படத்தை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து டீச்சர் சொல்கிற கதையில் குழாய்க்காரருக்கு ஒரே மகள்.

இத்தனைக்கும் தம்பி கப்பல் வேலையை விட்டுவிட்டு, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, இதே ஊரில்தான் இருந்தார். சந்தையில் எதிரே வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். டீச்சர் ஒரு முறை போன் செய்தார், இவர் குரலைக் கேட்டதும் தம்பி வைத்துவிட்டார். "போகட்டும் விடுங்க, அவ்வளவு ரோஷம் இருக்கிறவர் ரோஷத்தையே கட்டிக்கிட்டு அழட்டும்" என்றேன். டீச்சர் என்னை முறைத்தார். "அவன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அம்மா விஷயம். அதை நேர்ல நின்னுதான் சொல்ல முடியும். இந்த வீட்டை விட்டு நான் போறதுக்குள்ள சொல்லணும்" என்றார். அந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. அதற்குப் பிறகு சுற்றிக் காட்ட ஆள் கிடையாது, பொத்தானை அமுக்கினால் பேசும் பெட்டி ஒன்று வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை நானே உடைத்திருப்பேன்.

ஒரு பிற்பகல் டிக்கெட் ஜன்னலில் ஒரு பெரிய மனிதர் வந்து நின்றார். பேச்சு அவருக்கு முன்னால் வந்தது. "எங்க ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்து டிக்கெட் கொடுங்கம்மா. இவங்க எங்க சம்பந்தி. இவங்க பையனுக்குத்தான் எங்க பொண்ணைக் கொடுத்திருக்கோம். இதே ஊர்ல இருந்துக்கிட்டு இதுவரைக்கும் உள்ள வந்ததே இல்லையாம்! வெளியூர்க்காரன் நான் வந்து கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு பாருங்க." அவருக்குப் பின்னால் அவர் மனைவியும் சம்பந்தியம்மாவும். அவர்களுக்கும் பின்னால் ஒருவர், தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தபோது மூக்கைப் பார்த்தேன். டீச்சரின் மூக்கைக் கழற்றி ஒட்டிவைத்தது போல இருந்தது. அடப்பாவி மனிதா, இத்தனை வருஷம் அக்காவுக்காக வராதவர், சம்பந்தி கூப்பிட்டதும் வந்துவிட்டாரே என்று நினைத்தேன். சம்பந்தி பேச்சைத் தட்ட முடியுமா?

ஜன்னலைச் சாத்திவிட்டு அவர்கள் பின்னாலேயே போனேன். இருக்கிற வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி வீடு ஆயிற்று, வியாபாரி வீடு ஆயிற்று. "போதுங்க, ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றார் தம்பி. "அதெப்படி? வந்ததே வந்தோம், அந்த மூலை வீட்டையும் ஒரு எட்டு பாத்துடலாம்" என்று சம்பந்தி முன்னால் நடந்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த டீச்சர் தம்பியைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"வாங்க. இது குழாய்க்காரரோட வீடு. அவரும் மனைவியும் பிள்ளைங்களும் இந்த ரெண்டு அறையிலதான் இருந்தாங்க."

தினமும் 'மகளும்' என்பவர் அன்றைக்குப் 'பிள்ளைங்களும்' என்றார்.

சம்பந்தி அறையைக் கண்ணால் அளந்துவிட்டு, "இந்தச் சுவரோரத்துக் கட்டில் யாருது?" என்றார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். விருந்தாளிகளுக்கு என்பது டீச்சரின் வழக்கமான பதில்.

"மகனோடது" என்றார் டீச்சர்.

"ஓ, மகன் வேற இருந்தானா? அவன் என்ன ஆனான்?"

"கப்பல்ல வேலைக்குப் போனார். திரும்பி வந்தப்போ வாசல் வரைக்கும் வந்துட்டு அப்படியே போயிட்டார்."

"ஏனாம்?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவனை ஒரு வார்த்தை கேக்காம மகள் வீட்டைத் தூக்கிக் கொடுத்திருப்பாங்க. அதான்."

"கேட்டாங்க" என்றார் டீச்சர், சுற்றிக் காட்டும் அதே குரலில். "கப்பல் கம்பெனி வாசல்ல போய் நாள் முழுக்க நின்னாங்க. கப்பல் எந்தக் கடல்ல இருக்குன்னு அவங்களுக்கே தெரியலை. ரோடு போடறவன் காத்துக்கிட்டு இருப்பானா?"

"சரி, கொடுத்தாங்க. பையோட வந்து நின்னவனை டிக்கெட் கேட்டா அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? சொந்த வீட்டுக்கு டிக்கெட்டா?"

"மகள் அப்போ பின்பக்கம் தரை கழுவிக்கிட்டு இருந்தாங்க. ஈரக் கையோட ஓடி வர்றதுக்குள்ள அவர் தெருமுனையைத் தாண்டிட்டார். அக்கான்னு ஒரு குரல் கொடுத்திருக்கலாமில்ல?"

"அட, கதை பிரமாதமா இருக்கே!" என்றார் சம்பந்தி. "ஆமா, இதெல்லாம் சம்பந்திக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல வந்திருந்துது" என்றார் தம்பியின் மனைவி சட்டென்று. கெட்டிக்காரி.

"என்ன இருந்தாலும் நான் சொல்றேன், அந்தப் பையன் சரியான வீம்புக்காரனா இருந்திருக்கணும். கூடப் பிறந்தவ மேல யாராவது இப்படி வன்மம் வைப்பாங்களா? என்ன சம்பந்தி, நான் சொல்றது சரிதானே?"

"சரிதாங்க" என்றார் தம்பி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. கயிற்றின் அருகே வந்தார். "அந்தம்மா..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தம்மா கடைசியில மகனைக் கேட்டாங்களா?"

வீடு, டிக்கெட், பலகை எல்லாம் வெறும் சாக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பயந்துதான் மனிதர் இத்தனை வருஷமும் சாலையைக் கடந்து கடந்து போயிருக்கிறார். எதற்கும் பதில் வைத்திருக்கும் டீச்சர் சம்பந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "நீதிபதி வீட்டு மாடியை இப்பத் திறந்திருக்காங்க, சீக்கிரம் போனா பாத்துடலாம்" என்று சம்பந்தியிடம் ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அந்த மாடி தினமும் திறந்துதான் கிடக்கும், அவர்கள்தான் ஏறிப் பார்க்கவில்லை. தம்பியின் மனைவி புரிந்துகொண்டு சம்பந்தியையும் அவர் மனைவியையும் தள்ளிக்கொண்டு போனார். நானும் போயிருக்க வேண்டும். அந்த அறை ஜன்னலின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"கேக்கலைடா" என்றார் டீச்சர்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"கேக்க வேண்டிய தேவை இல்லை. என்னைத்தான் நீன்னு நினைச்சுக்கிட்டாங்க. கண்ணு மங்கிப்போச்சு, புத்தியும் அங்கங்க போயிட்டு வந்துது. தண்ணி கொடுத்தாலும் சின்னவனே, துணி மாத்தினாலும் சின்னவனே. 'வேலையைப் போட்டுட்டு எனக்காக வந்துட்டியாடா'ன்னு கன்னத்தைத் தடவினாங்க. என் கன்னத்தை."

"நான் உன் பொண்ணும்மான்னு நீ சொல்லலையா?"

"முதல்ல சொன்னேன். முகம் அப்படியே வாடிப்போச்சு. அப்புறம் எங்க சொல்றது? குரலைக் கொஞ்சம் தடிச்ச மாதிரி வெச்சுக்கிட்டு, ஆமாம்மா, வந்துட்டேன்னு சொன்னேன். தினமும் சொன்னேன்."

டீச்சர் கயிற்றின் அருகே வந்தார். "எனக்குப் பொறாமைடா. அத்தனை வருஷம் தூக்கிப் படுக்க வெச்சது நான், தடவினது உன்னை. இதை உன்கிட்ட சொன்னா என்கிட்ட ஒண்ணுமே மிஞ்சாதுன்னு சொல்லாமலே வெச்சிருந்தேன். தப்புதான். நீ இல்லாம அவங்க போகலை. நீ பக்கத்துல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனாங்க."

தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். யாரும் தொடக்கூடாத கயிறு அது. டீச்சர் அதட்டவில்லை.

"உன்னை?" என்றார் தம்பி. "உன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடலையா?"

"இல்லை."

பின்பக்கம் தோட்டத்தில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். தம்பியின் முகம் கோணியது.

"அக்கா" என்றார்.

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அக்கா."

"ம்" என்றார் டீச்சர்.