சோர்ந்து போகாத சக்கரம்

பந்து எறியும் மெசினைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் மோட்டரைத்தான் குனிந்து பார்ப்பார்கள். எத்தனை குதிரைவலு, எங்கே வாங்கியது, எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கேட்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். மோட்டர் பந்தை எறிவதில்லை ஐயா, சக்கரம்தான் எறிகிறது. மோட்டர் சக்கரத்தைச் சுழற்றி வேகமேற்றி வைக்கும், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு சக்கரங்களின் நடுவே, பந்தின் பருமனைவிடக் கொஞ்சம் சிறிய இடைவெளி. அதற்குள் பந்து நசுங்கிப் போகும்போது சக்கரம் தன்னிடமுள்ள வேகத்தைப் பிய்த்துப் பந்துக்குக் கொடுக்கும். கொடுத்துவிட்டு ஒரு கணம் சோர்ந்து போகும்.

இதை நான் மகளுக்காகப் படித்தேன். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் லேத் மெசினில் இரும்பு கடைகிறவன் நான். கிரிக்கெட்டுக்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. மகள் பள்ளிக்கூட மென்பந்து கிரிக்கெட் அணியில் சேர்ந்து, மாவட்டப் பெண்கள் அணிக்கு விளையாடியே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றாள். வேகமாகப் பந்து போட அவளுடைய அணியில் ஆளில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த என் கூட்டாளியின் மகளுக்கும் அதே ஆசை, அதே குறை. கூட்டாளி மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். ஒரு நாள் கைபேசியில் வெளிநாட்டு மெசின் ஒன்றைக் காட்டி, "மச்சான், இதை உன்னாலை செய்ய ஏலாதோ?" என்று கேட்டான். ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பழைய வோஷிங் மெசின்களிலிருந்து இரண்டு மோட்டர்கள் கழற்றினோம். பலகையை வட்டமாக வெட்டி, விளிம்பில் ரப்பர் பட்டி ஒட்டிச் சக்கரமாக்கினேன். சக்கரங்களைத் தகரப் பெட்டி ஒன்று மூடியிருக்கும், பிள்ளைகளின் விரல் போய்விடக் கூடாதே. ஓர்ஸ் ஹில் பகுதியிலுள்ள என் வீட்டில் சைக்கிள் திருப்பவே இடமில்லாததால் மெசின் அவன் வீட்டு வளவிலேயே நின்றது. சனி, ஞாயிறுகளில் இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி மட்டை பிடிப்பார்கள். நான் டெனிஸ் பந்தைச் சக்கரங்களுக்குப் போகும் குழாய்க்குள் உருட்டி விடுவேன். அவன் மனைவி பால் விடாத பிளேன்டீ கொண்டு வருவாள். உண்மையைச் சொன்னால், அந்தப் பின்னேரங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

பலகைச் சக்கரம் பாரம் குறைந்தது. பந்தைக் கவ்வியதும் பாதி உயிர் போனதுபோல் வேகம் விழும், திரும்ப ஏற நேரமெடுக்கும். மகள் அதைக் காதால் படித்து வைத்திருந்தாள். மெசின் இரைகிற இரைச்சலைக் கேட்டே அடுத்த பந்து எந்த வேகத்தில் வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "அப்பா, இது மெதுவா வரும்," என்பாள். சொன்னபடியே வரும், சொன்னபடியே அடிப்பாள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மனிதர் போடுகிற பந்து இரைந்துகொண்டு வருவதில்லையே.

அதனால்தான் புதுச் சக்கரம் இரண்டு செய்தேன். கப்பலும் துறைமேடையும் முட்டிக்கொள்ளாமல் இருக்கக் கட்டித் தொங்கவிடும் கறுப்பு ரப்பரில் கழித்துப்போட்ட துண்டு ஒன்று பட்டறையில் கிடந்தது. மேலாளரிடம் கேட்டு எடுத்தேன். நடுவில் இரும்புத் தட்டு வைத்து, லேத்தில் கொடுத்து, விளிம்பை மயிரிழை பிசகாமல் கடைந்தேன். நல்ல பாரம். இந்தச் சக்கரம் பந்தைக் கவ்வினாலும் சோராது. பலகைச் சக்கரத்தின் அதே இரைச்சல்தான், ஆனால் பந்து முந்தியதைவிடக் கடுகதியில் போகும். நாலு நட்டைக் கழற்றினால் பழையதை எடுத்துப் புதியதைப் போடலாம். அந்தச் சோடியைக் கொண்டுபோய்க் கூட்டாளியிடம் கொடுத்தபோது, வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவன் கையில் தூக்கிப் பார்த்தான். "அருமையா வந்திருக்கு. ஆனா செலக்சன் முடியட்டும் மச்சான். பிள்ளையள் பழகின மெசினை இப்ப குழப்ப வேண்டாம்."

நியாயமாகப் பட்டது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாவட்ட அணிக்கான தெரிவு நகர மைதானத்தில் நடந்தது. மைதானத்து ஓரத்தில் வழக்கம்போல, ஊருக்குள் திரியும் மான்கள் நாலைந்து குப்பையைக் கிண்டிக்கொண்டு நின்றன. தெரிவு செய்கிறவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பந்து போக வேண்டும் என்பதற்காக எங்கள் மெசினைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். கூட்டாளி அதைச் சின்ன லொறியில் ஏற்றி வந்து, தானே பக்கத்தில் நின்று பந்து உருட்டினான். மட்டை பிடிக்கிறவர்களுக்கு ஓரிடம்தான் மிச்சம் இருந்தது. அது எங்கள் இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

மகள் போய் நின்றாள். மெசின் இரைந்தது. அவள் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டதை நான் வேலிக்கு வெளியே இருந்து பார்த்தேன். பந்து வந்தது. மட்டை இறங்குவதற்கு முன்பே பின்னாலிருந்த விக்கெட் குச்சி விழுந்தது. இரண்டாவது பந்தும் அப்படியே போனது. மூன்றாவது கையில் பட்டது. அதே இரைச்சல்தான், நான் சத்தியம் செய்வேன், ஆனால் பந்து வேறு. அவள் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள்.

அடுத்துக் கூட்டாளியின் மகள் வந்தாள். எல்லாப் பந்தையும் நிதானமாக, வீட்டு முற்றத்தில் விளையாடுவதுபோல அடித்தாள்.

கூட்டம் கலைந்ததும் நான் நேரே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே என் கறுப்புச் சக்கரங்கள் இருந்தன.

"பழசு ஒண்டு இண்டைக்குக் காலமை பிளந்து போச்சு மச்சான். வேறை வழியில்லாமல் இதைப் போட்டனான்," என்றான் அவன், நான் கேட்பதற்கு முன்பே.

சக்கரத்தை விரலால் தடவினேன். நான் கடைந்து கொடுத்தபோது விளிம்பு சொரசொரப்பாக இருந்தது. இப்போது நடுவில் பந்து ஓடிய தடம் வழுவழுவென்று மினுங்கியது. டெனிஸ் பந்தின் மஞ்சள் பஞ்சு அதற்குள் அழுக்காக இறுகிப் போயிருந்தது. ஒரு காலையில் வருகிற தடம் அல்ல அது. கிழமை நாட்களில் நான் பட்டறையில் நிற்கும்போது, அவன் வளவில் இந்தச் சக்கரம் ஓடியிருக்கிறது. சனிக்கிழமை எங்களுக்காகப் பழைய பலகை திரும்பவும் ஏறியிருக்கிறது. என் மகள் அந்தப் பலகையின் இரைச்சலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா என்ரை தலையிலை மிளகாய் அரைக்கிறாய்?" என்று கேட்டேன்.

அவன் மறுக்கவில்லை. பெட்டியை மெதுவாக மூடினான். "பிள்ளை எண்டு வந்தால், மச்சான்... நீயும் இதைத்தான் செய்திருப்பாய்."

அவனை அடித்திருக்கலாம். இன்றைக்கும் சில நேரம் கை ஊறுகிறது. ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், என்னையும் தன்னைப்போல் ஒருவனாக்கிவிட்டு நின்றானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

அவள் வெளியே பார்த்தபடி வந்தாள். கை வீங்கியிருந்தது. நான் வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினேன். "அந்தாள் எங்களை ஏமாத்திப் போட்டான் பிள்ளை," என்றேன்.

"எங்களை எண்டு சொல்லாதேங்கோ அப்பா."

எனக்கு விளங்கவில்லை.

"புதுச் சக்கரம் நீங்கள்தானே செய்து குடுத்தனீங்கள். அவரின்ரை மகள் எனக்கு இப்பதான் சொன்னவள். உன்ரை அப்பா செய்தது, நல்லாப் பழகினனான் எண்டு. அவளுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை." குரல் உடையவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "எனக்கு ஏன் அப்பா சொல்லேல்லை?"

நான் எல்லாம் சொன்னேன். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்ததை, அவன் பொறுக்கச் சொன்னதை, பஞ்சு இறுகிய தடத்தை, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, எல்லாம் அப்போதுதான் கட்டிய கதை போலவே என் காதிலேயே விழுந்தது. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "ஓம் அப்பா," என்றாள். கடைக்காரன் மிச்சக் காசு இல்லை என்று சொல்லும்போது நம்பாமலே நாங்கள் சொல்வோமே, அந்த ஓம்.

மகள் மட்டையை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். கூட்டாளியும் நானும் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். மெசின் அவன் வளவில்தான் நிற்கிறது. நான் போய்க் கேட்கவில்லை.

என் மகளுக்கு என்னோடு கோபம் இல்லை. சிரிக்கிறாள், சோறு போட்டுத் தருகிறாள், காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். ஆனால் போன கிழமை, அவளுடைய மேசையின் உடைந்த காலுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைக் கடைந்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவள் அதைக் கையில் வாங்கி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு," என்றாள். பிறகு கேட்டாள்: "இது ஆருக்கு அப்பா?"